புரியாததற்கு ஒரு முட்டை பப்ஸ்

ஒரு மாணவன் எழுந்து நின்று, வாத்தியார் முகத்தைப் பார்த்து, "புரியல சார்" என்று சொல்வதற்கு என்ன விலை கொடுக்கலாம்? விலைமதிப்பில்லாதது என்று கல்வியாளர்கள் மேடையில் சொல்வார்கள். கிழக்குத் தாம்பரத்தில் அதன் விலை முப்பத்தைந்து ரூபாய். முட்டை பப்ஸ் ஒன்று இருபத்திரண்டு, டீ ஒன்று பதிமூன்று. பேராசிரியர் ஹில்டா நூறு கேட்டாள். கல்லூரியின் கணக்கு அதிகாரி தினகரன் பத்தில் ஆரம்பித்தார். இழுத்துப் பிடித்து, இரண்டு பேருக்குமே திருப்தி இல்லாத ஓரிடத்தில் வந்து நின்றார்கள். இரண்டு பேரும் முகத்தைச் சுளித்தால்தான் அது நியாயமான விலை என்பார் ஹில்டாவின் அப்பா. சண்முகம் சாலை மார்க்கெட்டில் ஆயுசு முழுக்க மளிகைக்கடை வைத்திருந்தவர். பைபிளுக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது தராசை.

ஹில்டாவுக்கு இந்தச் சரக்கு ஏன் இவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்றால், எல்லாம் அவள் வீட்டுக்காரரால்தான்.

எட்மண்ட் அதே கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். அவர் வகுப்புக்கு மட்டம் போட்டவன் என்று ஒருவனைக் காட்ட முடியாது. முகம் பார்க்காமலே குரலை வைத்துப் பெயர் சொல்வார். எவன் வீட்டில் கல்யாணம், எவள் அப்பாவுக்கு ஆபரேஷன் எல்லாம் அவருக்குத் தெரியும். பம்மலிலிருந்து வரும் ஜெரூஷாவுக்கு டெங்கு வந்தபோது, பப்பாளி இலைச் சாற்றை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு தினமும் ஸ்கூட்டரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பிள்ளைகள் அவருக்காக உயிரையே விடுவார்கள். ஒரே ஒரு குறை, அவர் நடத்திய பாடம் யாருக்கும் விளங்கியதில்லை.

கரும்பலகைப் பக்கம் திரும்பினார் என்றால் சூத்திரங்கள் வரி வரியாக இறங்கும். மணி அடிக்கும் நேரத்துக்குத் திரும்பி, மூக்கில் சுண்ணாம்புத் தூளோடு, "புரிஞ்சுதா பசங்களா?" என்பார். "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும், மாதா கோயிலில் பாதிரியாருக்குச் சபை பதில் சொல்வது மாதிரி. உடனே எட்மண்ட் ஒரு சிரிப்புச் சிரிப்பார். குழந்தைக்குப் பால் பல் முளைத்ததைப் பார்த்த தகப்பன் சிரிப்பு. அந்தச் சிரிப்பை உடைக்க எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? வெளியே வந்து மேடவாக்கத்தில் டியூஷன் சேர்ந்துகொள்வார்கள்.

பிப்ரவரியில் முதல்வர் அபிதகுஜாம்பாள் ஹில்டாவைக் கூப்பிட்டனுப்பினார். விலங்கியல் படித்த அம்மாள். தவளையை அறுப்பது போலவே பேச்சையும் நேராக அறுப்பார்.

"ஹில்டா, ஸ்டூடன்ட்ஸ் ஃபீட்பேக்ல உன் வீட்டுக்காரருக்கு அஞ்சுக்கு நாலு புள்ளி எட்டு. காலேஜ்லயே அதிகம். தெர்மோ பேப்பர்ல பாஸ் முப்பத்தொரு பர்சன்ட். காலேஜ்லயே குறைச்சல். எல்லாருக்கும் அவரைப் பிடிக்குது, பாடம்தான் யாருக்கும் பிடிபடல."

ஹில்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விலை சொல்லப்போகிறவரை முதலில் பேச விட வேண்டும்.

"நிர்வாகத்துல ஜூன்ல இருந்து அவரை எக்ஸாம் செக்ஷனுக்கு மாத்தச் சொல்றாங்க. ஹால் டிக்கெட், பேப்பர் கட்டு, அரக்கு சீல். சம்பளம் குறையாது."

"சம்பளத்தைக் குறைச்சாக்கூட அவருக்குத் தெரியாது மேடம். கிளாஸைப் பிடுங்கினா மனுஷன் உக்காந்துருவார்."

"தெரியும். அதான் உன்னைக் கூப்பிட்டேன். உன் சென்டருக்குக் காசு வந்திருக்குல்ல? அதுல ஏதாவது நடந்தா காட்டு. நான் கடைசி பெஞ்சுல வந்து உக்கார்றேன். அதுவரைக்கும் அவர்கிட்ட சொல்லாதே."

சென்டர் என்று அவர் சொன்னது, பொருளாதாரத் துறைப் பேராசிரியையான ஹில்டாவின் தலையில் கூடுதல் பொறுப்பாகக் கட்டப்பட்ட கற்பித்தல் மேம்பாட்டு மையத்தை. ஓர் அறை, ஒரு பீரோ, சத்தம் மட்டும் போடும் ஒரு ஏசி. ஆசிரியர்கள் நன்றாகக் கற்பிக்கப் பயிற்சி கொடுப்பதற்கென்று நகரத்து அறக்கட்டளை ஒன்று அதற்கு இரண்டு லட்சம் ஒதுக்கியிருந்தது. பாதி இப்போது, மீதி, பலனைப் பார்த்து.

இப்படிப்பட்ட பயிற்சிக்கு என்று ஊரில் ஒரு முறை இருக்கிறது. குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். வெளியூர்ப் பேச்சாளருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். போர்வையோடு அவர், மாணவர்களைப் பேச விட வேண்டும் என்று மூன்று மணி நேரம் தானே பேசுவார். ஆசிரியர்கள் பின்வரிசையில் விடைத்தாள் திருத்துவார்கள். பிறகு சாப்பாடு, குரூப் போட்டோ, சான்றிதழ். ஆனால் இந்த அறக்கட்டளைக்காரர்கள் விவரமானவர்கள். போட்டோ அனுப்ப வேண்டாம், வகுப்பில் என்ன மாறியது என்று காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

ஹில்டா நேராகத் தினகரன் அறைக்குப் போனாள். சேலையூர் ஏரிப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை தினகரன். நிலமெல்லாம் அடுக்குமாடி ஆகி வாடகை கொட்டுகிறது. அப்புறமும் ஏன் வேலைக்கு வருகிறீர்கள் என்றால், "இங்க நான் செலவைக் குறைப்பேன். வூட்ல இருந்தா என்கிட்ட செலவு சொல்வாங்க" என்பார்.

"பொன்னாடை வேணாம், மொமெண்டோ வேணாம், பேனர் வேணாம், பேச்சாளரும் வேணாம்," என்றாள் ஹில்டா.

"அப்ப ஒர்க்‌ஷாப்பே வேணாமா மேடம்?"

"ஆறு வாத்தியாருங்க. ஆளுக்குப் பத்து நிமிஷம் அவங்க பாடத்தை நடத்தணும். எதிர்ல பன்னண்டு ஸ்டூடன்ட்ஸ். எங்க புரியலயோ அங்க கையைத் தூக்கி 'புரியல'ன்னு சொல்லணும். எந்த வரியிலன்னும் சொல்லணும். அப்பதான் வாத்தியாருக்குத் தன் பாடம் எங்க ஓட்டைன்னு தெரியும். ஒவ்வொரு புரியலக்கும் நூறு ரூபா."

தினகரன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"புரியாததுக்குக் காசா? நான் பி.காம் படிச்சப்ப இது இருந்திருந்தா இந்தக் காலேஜையே வாங்கியிருப்பேன்."

"சும்மா எவனும் வாயத் திறக்க மாட்டான் சார். மரியாதைக் குறைவுன்னு நினைப்பாங்க. காசு குடுத்தாத்தான் அது வேலைன்னு ஆகும்."

"அது சரி. எந்தச் செலவு ஹெட்ல எழுதறது? புரியாமைன்னு ஒரு ஹெட் நம்ம சாஃப்ட்வேர்ல இல்லயே."

"நிபுணர் மதிப்பூதியம்னு போடுங்க. புரியலங்கறதுல அவங்களைவிட நிபுணர் யாரு?"

"ஆடிட்டர் என்னைத் தொங்கவிட்டுருவாரு. டிபன்னு எழுதறேன். இந்த நாட்டுல டிபனை எதிர்த்து இதுவரைக்கும் ஒரு ஆட்சேபணை வந்ததில்ல. அதனால காசு கிடையாது, கூப்பன். ஒரு டீக்கு மட்டும்."

"டீக்கு எவன் சார் வாத்தியாரைப் பகைச்சுப்பான்? பிரியாணி."

"பிரியாணிக்கு எவன் மேடம் புரிஞ்சுக்குவான்?"

கடைசியில் பப்ஸும் டீயும் என்று படிந்தது. மொத்தம் ஐம்பது கூப்பன், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. பதிலுக்குப் பேனர் மட்டும் இருக்கட்டும் என்றார் தினகரன். பம்மலில் அவர் மச்சான் ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்தான். "உங்களுக்குப் புண்ணியம், எனக்கு வூட்ல நிம்மதி." ஹில்டா ஒத்துக்கொண்டாள். கொசுறு கொடுக்காமல் வியாபாரம் முடியாது.

கேன்டீன் முனியம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இன்னா மேடம், புள்ளைங்க பொய்யாச் சொல்லிட்டு துன்னுகினு போனா?"

"சொல்லட்டும் முனியம்மா. இத்தனை வருஷமா ஓசியில பொய் சொன்னாங்க."

எட்மண்டைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடு என்று நினைத்திருந்தாள். அவரோ தட்டில் தோசை இருந்ததையும் மறந்து நிமிர்ந்தார். "சனிக்கிழமையும் கிளாஸா? பத்து நிமிஷம்தானா? பரவாயில்ல, என்ட்ரோபி எடுக்கறேன்." ஹில்டா எழுந்து அடுத்த தோசையை ஊற்றப் போனாள்.

சனிக்கிழமை வந்தது. பேனரில் மையத்தின் பெயரைவிடத் தினகரன் மச்சானின் போன் நம்பர் பெரிதாக இருந்தது. முதல்வர் சொன்னபடி கடைசி பெஞ்சில். கதவோரம் தினகரன், கூப்பன் கட்டோடு.

முதல் கை எழுவதற்குத்தான் நேரமானது. பி.காம் ஹரிபிரசாத் துணிந்து தூக்கினான். கூப்பன் கைக்கு வந்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. அப்புறம் அடைமழைதான். மதியத்துக்குள் ஹரிபிரசாத் ஏழு கூப்பன் சேர்த்து, அதில் இரண்டைப் பக்கத்து பெஞ்சுக்குத் தள்ளுபடி விலையில் விற்றிருந்தான். ஹில்டா பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள். பையனிடம் தொழில் இருக்கிறது.

விளையாட்டாக ஆரம்பித்தது, வாத்தியார்களுக்குச் சுருக்கென்று தைத்தது. வேதியியல் ஜெபராஜ், பாடம் முடித்து அவளிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "பதினஞ்சு வருஷமா அந்த ஸ்டெப்பைத் தெரிஞ்சதுதானேன்னு தாண்டிடுவேன் மேடம். இவங்க எல்லாரும் அங்கதான் குழிக்குள்ள விழுந்து கெடக்கறாங்க."

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கடைசியாக எட்மண்ட். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. கூப்பன் பன்னிரண்டு மிச்சம் இருந்தது.

"பசங்களா, என்ட்ரோபி," என்றார். திரும்பினார். வரிகள் இறங்கின. மேலே விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று ரீங்காரமிட்டுக்கொண்டு போயிற்று. ஒரு கையும் எழவில்லை. ஐந்தாவது வரி வந்தது. ஹரிபிரசாத், பத்தாம் வகுப்போடு இயற்பியலைக் கைகழுவியவன், பலகையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ஹில்டா நைசாக நகர்ந்து ஜெரூஷா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்த வரியில தொலைஞ்ச?"

"மூணாவதுல மேடம்."

"அப்ப கையத் தூக்கு."

"சாருக்கா? என்னால முடியாது மேடம். எனக்கு டெங்கு வந்தப்ப சார் பப்பாளி ஜூஸ் கொண்டாந்தார்."

"அதுக்கு?"

"அதையே நல்லாருக்கு சார்னு சொல்லித்தான் குடிச்சேன். இதைச் சொல்ல மாட்டேனா?"

மற்ற வாத்தியார்களிடம் ஒரு பப்ஸுக்கு விலைபோன பிள்ளைகள் இவரிடம் மட்டும் விலைபோகவில்லை. எட்மண்ட் திரும்பினார். மூக்கில் சுண்ணாம்பு. "புரிஞ்சுதா பசங்களா?"

"புரிஞ்சுது சார்."

அந்தச் சிரிப்பு வந்தது. கடைசி பெஞ்சில் முதல்வர் பேனாவை மூடினார்.

ஹில்டாவுக்கு அந்த நேரத்தில் தாம்பரம் ஸ்டேஷனின் சிமென்ட் பெஞ்சு ஞாபகம் வந்தது. நிச்சயம் ஆன புதிது. செங்கல்பட்டு வண்டி வரும்வரை பேசலாம் என்று உட்கார்ந்தார்கள். காதல் வசனம் ஏதாவது வரும் என்று அவள் பார்த்தால், ஆறின காபி ஏன் தானாகச் சூடாவதில்லை என்று எட்மண்ட் ஆரம்பித்தார். வண்டி வந்து, போய், அடுத்த வண்டியும் வந்தது. "புரிஞ்சுதா ஹில்டா?" என்றார். அவளுக்கு ஒரு இழவும் புரியவில்லை. புரிஞ்சுது என்றாள். அப்போதுதான் அந்தச் சிரிப்பை முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே விழுந்தாள். பிறகு இருபத்துநான்கு வருஷம், சாப்பாட்டு மேஜையில், ஸ்கூட்டரின் பின் சீட்டில், பிரசவ வார்டில்கூட, அதே சிரிப்புக்காக அதே சொல். இந்தப் பிள்ளைகளைச் சொல்லி என்ன, மொத்த வியாபாரமே அவளுடையது. இவர்கள் சில்லறை.

அவள் கையைத் தூக்கினாள்.

"புரியல சார்."

 எட்மண்ட் அவளையே பார்த்தார். விதிப்படி கேட்டார்: "எந்த வரி?"

"மூணாவது. வெப்பத்தை எதுக்கு வெப்பநிலையால வகுக்கறீங்க?"

"அது உனக்குத் தெரியுமே. ஸ்டேஷன்லயே சொன்னேனே."

"அப்பவே புரியல சார்."

தினகரன்தான் முதலில் சிரித்தார். அறையே சிரித்தது. எட்மண்ட் சிரிக்கவில்லை. சாக்பீஸை விரலுக்குள் உருட்டிக்கொண்டு நின்றார். வகுப்பு முடிந்தும் அந்த முகத்தில் சிரிப்பு இல்லாததை ஹில்டா அன்றுதான் பார்த்தாள்.  ஹால் டிக்கெட்டே தேவலையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"வேற யாருக்கு?" என்றார் எட்மண்ட்.  கையில் காசில்லாதவன் விலை கேட்கும் குரலில் மறுபடி கேட்டார். "பசங்களா, சொல்லுங்க. நான் கோச்சுக்க மாட்டேன்."

ஜெரூஷாவின் கை எழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் பன்னிரண்டும்.

"மூணாவது வரியா?"

"ஆமா சார்."

"எனக்கு ரெண்டாவதுலயே சார்."

"எனக்குத் தலைப்பு சார்," என்றான் ஹரிபிரசாத்.

எட்மண்ட் திரும்பி, பலகையில் மூன்றாவது வரியை மட்டும் விட்டுவிட்டு மேலும் கீழும் அழித்தார்.  இத்தனை வருஷத்தில் அந்த வரியை ஏன் என்று அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காத சரக்கைக் கடைக்காரன் தூசி தட்டிப் பார்ப்பதில்லை.

"தம்பி," என்று ஹரிபிரசாத்தைக் காட்டினார். "நகைக்கடைக் கல்லாவுல ஒரு நூறு ரூபா விழுந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார்."

"அதே நூறு ரூபா, மாசக் கடைசியில, உன் பர்ஸ்ல?"

"பெரிய கலாட்டா ஆகும் சார். நாலு பேரு கடன் கேப்பானுங்க. ஒருத்தன் ட்ரீட்டு கேப்பான். எனக்கே தூக்கம் வராது."

"அதே நூறுதானே? ஏன் இங்க மட்டும் கலாட்டா?"

"அங்க ஏற்கெனவே நிறைய கீது சார்."

"அவ்வளவுதான். சூடான பொருள் நகைக்கடை. குளிர்ந்தது உன் பர்ஸ். வெப்பம் அதே நூறு. ஆனா விழற இடம் எவ்வளவு சூடோ, அதால வகுத்தாத்தான் கலாட்டா எவ்வளவுன்னு தெரியும். அந்தக் கலாட்டா கணக்குதான் என்ட்ரோபி."

இந்தத் தடவை யாரும் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. சட்டியில் கடுகு வெடிப்பது போல அங்கே ஒரு "ஓ", இங்கே ஒரு "அட". அதைத் தொடர்ந்து கேள்விகள். பத்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆயிற்று. கூப்பன் எப்போதோ தீர்ந்துவிட்டது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. முனியம்மாதான் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்: "மேடம், பப்ஸ் தீந்துபோச்சு. பன்னு கீது, குடுக்கவா?"

எட்மண்ட் கடைசிவரை சிரிக்கவில்லை. அவருக்கு நேரம் இல்லை.

வெளியே வராந்தாவில் முதல்வர் ஹில்டாவை நிறுத்தினார். "ஒரு நாள் கூத்தைக் காட்டி நான் நிர்வாகத்துக்கிட்ட பேச முடியாது."

"ரெண்டு வருஷம் குடுங்க மேடம்."

"ஒரு மாசம்."

"ரெண்டு செமஸ்டர்."

"டிசம்பர் ரிசல்ட் வரைக்கும். அதுக்கு மேல கேக்காதே. வாரம் ஒரு வகுப்பு நான் வந்து பின்னால உக்காருவேன்."

"தாராளமா. ஆனா புரியலன்னா நீங்களும் கையத் தூக்கணும்."

"எனக்குப் பப்ஸ் ஒத்துக்காது," என்று சொல்லிவிட்டு அபிதகுஜாம்பாள் போய்விட்டார். போகிற முகம் சுளித்திருந்தது. ஹில்டாவின் முகமும்தான். விலை நியாயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தினகரன் கால்குலேட்டரோடு வந்தார். "கூப்பன் ஐம்பது. வந்த புரியல எழுபத்தொண்ணு. இருபத்தொண்ணு எகிறிப்போச்சு. மச்சானுக்குப் பேனர் காசைக் கொஞ்சம் லேட்டாக் குடுத்துச் சரிக்கட்டறேன். அது கெடக்கட்டும், அறக்கட்டளை ரிப்போர்ட்ல என்ன எழுதறது? எட்மண்ட் சார் கணக்குல இத்தனை வருஷமா சைபர், இன்னிக்கு முப்பத்துமூணு. வளர்ச்சி எத்தனை பர்சன்ட்னு போட? சைபரால வகுக்க முடியாதே."

"அப்படியே எழுதுங்க. அவங்களுக்குப் புரியும்."

"இன்னொண்ணு. நீங்க ஒரு புரியல சொன்னீங்களே, அதுக்குக் கூப்பன் கிடையாது. ஸ்டாஃபுக்கு டிபன் இந்த ஹெட்ல வராது. உங்களுக்கு ஒண்ணு பாக்கி நிக்குது."

சாயங்காலம் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கேம்ப் ரோடு முனையில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்று வழியை அடைத்திருந்தது. பேக்கரி ஓரமாக வண்டியை நிறுத்தி உள்ளே போனவர், முட்டை பப்ஸ் ஒன்றும் டீ ஒன்றுமாக வந்தார்.

"இது எதுக்கு?"

"உனக்குக் கூப்பன் வரலயாமே. தினகரன் சொன்னான்." அவள் தட்டை வாங்கிக்கொண்டதும் கேட்டார்: "எனக்காகத்தான் இவ்வளவும் பண்ணியா?"

"அறக்கட்டளைக் காசு. உங்களுக்காக நான் எதுக்குச் செலவு பண்ணப் போறேன்." பிறகு, ஜூன் மாதம், ஹால் டிக்கெட், டிசம்பர் ரிசல்ட் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் டீயைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டார்.

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? புரிஞ்சுதுன்னு நீங்களும் சொல்லியிருப்பீங்க."

எட்மண்ட் அதை யோசித்தார். ஆமாம் என்று தலையாட்டினார். "வேற எதெல்லாம் புரியல?"

"ஊட்டியில ரெட்டை வானவில்னு ஒண்ணு சொன்னீங்க. அது. பிரசவ வார்டுல என்னமோ அலைநீளம். அப்புறம் குவாண்டம் மொத்தமும்."

"மொத்தம் எத்தனை இருக்கும்?"

"ஆயிரத்துக்குக் குறையாது."

"ஒவ்வொண்ணா அடைச்சிடறேன்," என்றார் எட்மண்ட். அப்போது சிரித்தார். பழைய சிரிப்பு இல்லை. இது கொஞ்சம் கோணலாக, பேரத்தில் தோற்றவன் சிரிப்பாக இருந்தது. இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. பேச்சுவாக்கில் அவள் தட்டிலிருந்த பப்ஸில் பாதியை அவர் பிய்த்துத் தின்றிருந்தார்.

லாரி நகர்ந்தது. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹில்டா கணக்கை முடித்தாள்.

மொத்தக் கடன், புரியல ஆயிரம். இன்று வரவு, முட்டை பப்ஸ் அரை; டீயைக் கொசுறில் தள்ளிவிட்டாள். பாக்கி, புரியல தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதரை, டிசம்பர் ரிசல்ட் ஒன்று.